கோட்டோரம் நான்கு எட்டு

வார நாட்களில் இவள் மருந்துக்கடையில் பில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடைப்பந்து நடுவர். அன்று பெண்கள் அரையிறுதி. ஆறு விநாடிதான் பாக்கி. ஓர் அணி கூடை போட்டு ஒரு புள்ளி முன்னேறியிருந்தது. ஒருத்தி வழுக்கி விழவே, தலைமை நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தரையைத் துடைக்கச் சொன்னார். துடைத்து முடிந்ததும் இவள் பந்தை மற்ற அணியின் ஒன்பதாம் எண்காரியிடம் கொடுத்தாள். கூடைக்குப் பின்னால் உள்ள கோட்டுக்கு வெளியே நின்று அவள் பந்தை உள்ளே எறிய வேண்டும்.

எதிரே ஒரு நெட்டைக்காரி கைகளை விரித்து மறித்தாள். ஒன்பதாம் எண்காரி கோட்டோரமாகவே நான்கு எட்டு ஓடினாள். எறிவதற்குள் விசில். ஊதியவர் தலைமை நடுவர்.

“நடுவுல ஆட்டத்தை நிறுத்தியாச்சு. நின்ன இடத்துலேருந்துதான் எறியணும். பந்து அவங்களுக்கு.”

“இல்ல சார்,” என்றாள் இவள். “கூடை விழுந்ததுக்கு அப்புறம் வர்ற த்ரோ-இன். நடுவுல நிறுத்தினாலும் ஓடலாம். விதியிலயே இருக்கு.”

“இருபது வருஷமா ஊதுறேன். எனக்கே பாடமா?”

அவர் சொன்னதுதான் நடந்தது. பந்து கை மாறியது. ஆறு விநாடியும் கரைந்தது.

உடை மாற்றும் அறைக்கு வெளியே அவர் இவளை ஓரங்கட்டினார். கையில் விதிப்புத்தகம்.

“பார்த்தேன்மா. நீ சொன்னதுதான் சரி. ஆனா அறிக்கையில எழுதாதே. கொஞ்சம் பெருந்தன்மையா விட்டுடு.”

இவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

“தோத்தது அந்தப் பொண்ணுங்க. பெருந்தன்மையை மட்டும் எங்கிட்ட கேக்குறீங்களா சார்? மைதானத்துல அத்தனை பேர் முன்னாடி அதட்டினீங்க. தப்புன்னு சொல்றதுக்கு மட்டும் இந்த மூலையா?”

அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் எண்காரி பெஞ்சில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். “ஓடினதால தோத்துட்டோம்னு எல்லாரும் சொல்றாங்க அக்கா.”

“நீ சரியாத்தான் ஓடினே. தப்பு நாங்க பண்ணது. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு.”

அங்கேயே முழங்காலில் தாளை வைத்து, கூடைப்பந்துச் சங்கத்துக்கான அறிக்கையில் இவள் ஒன்றுவிடாமல் எழுதினாள். ஒரு வாரத்தில் சங்கத்திலிருந்து பதில் வந்தது: விதி குறித்த இவளது விளக்கம் சரி, முடிவில் மாற்றமில்லை. மூன்று மாதம் இவளுக்கு ஒரு ஆட்டமும் தரவில்லை. தலைமை நடுவருக்கோ மறுவாரமே இறுதியாட்டம்.

சங்கத்துச் செயலாளருக்கு இவள் இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினாள். அந்த அறிக்கையைவிட நீளமாக.