செல்லாத பிரார்த்தனை

அந்த ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் சலவைப் பிரிவுக்கும் நடுவில் ஒரு பிரார்த்தனை அறை இருந்தது. அறை ஒன்று, கூட்டம் மூன்று. காலை ஆறு மணிக்கு ஒரு மதத்தார், பகல் பன்னிரண்டுக்கு இன்னொரு மதத்தார், மாலை ஐந்துக்கு மூன்றாவது மதத்தார் என்று நிர்வாகம் பிரித்துக் கொடுத்திருந்தது. நாளடைவில் மதத்தின் பெயரையே யாரும் சொல்வதில்லை. காலைக்காரர்கள், பகல்காரர்கள், மாலைக்காரர்கள், அவ்வளவுதான். மூன்று கூட்டத்தாரும் அன்பைப் பற்றித்தான் ஓயாமல் பேசினார்கள். ஆனால் அறைச்சாவி யாரிடம் இருப்பது என்ற பேச்சு எழுந்தால், அன்பு செருப்போடு செருப்பாக வெளியே நின்றுவிடும்.

சாவி காலைக்காரர்களிடம் இருந்தபோது, தங்கள் விரிப்பு நாலு விரற்கடை நகர்ந்திருப்பதாகப் பகல்காரர்கள் டேப் வைத்து அளந்து புகார் கொடுத்தார்கள். பகல்காரர்களிடம் போனபோது, அலமாரியில் தங்கள் தட்டு துடைக்கப்பட்டிருப்பதாக மாலைக்காரர்கள் கொதித்தார்கள். யார் துடைக்கச் சொன்னது என்பது அவர்கள் கேள்வி. கடைசியில் ஒரே கதவுக்கு மூன்று பூட்டு போட்டார்கள். ஒருநாள் மூன்று சாவிக்காரர்களில் இருவர் லீவு. அன்று மனைவியைப் பறிகொடுத்த பெரியவர் ஒருவர் அந்தக் கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே பெஞ்சில் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். நிர்வாக அலுவலர் தலையில் அடித்துக்கொண்டு அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதத்தை ஒட்டினார்: 'பிரார்த்தனை அறைச் சாவிப் பொறுப்புக்கு, எந்த மதமும் எந்த நம்பிக்கையும் இல்லாத ஊழியர் தேவை. அனுபவம் உள்ளவருக்கு முன்னுரிமை. குவார்ட்டர்ஸ் உண்டு.'

ஆஸ்பத்திரி லிஃப்டுகளைப் பழுதுபார்க்கும் லிஃப்ட்காரர் அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய மனைவிதான் கடைசி வரியைப் படித்தாள். ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் அங்கிகள் தைத்துக் கொடுப்பவள் அவள். பன்னிரண்டு வருஷமாக ஜன்னலே இல்லாத ஓர் அறையில், பட்டப்பகலில் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு தைத்தவள். குவார்ட்டர்ஸுக்குக் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் உண்டு என்று விசாரித்து வந்து, அவளே மனு எழுதி, அவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

நேர்காணலில் கேட்டார்கள், உங்களுக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்று.

"முப்பது வருஷமா லிஃப்ட் வேலை பாக்கறேன். எத்தனையோ கட்டடத்துல மேல வரைக்கும் போய்ப் பாத்துட்டேன். மோட்டார்தான் இருக்கு."

வேறு நேரமாக இருந்தால் மூன்று கூட்டத்தாரும் அந்தப் பதிலுக்கு முகம் சுளித்திருப்பார்கள். அதுவரை அவரை ஒரு மாதிரியாகத்தான் பார்த்து வந்தார்கள். மேலே இருப்பவனுக்கே பயப்படாத ஆள் வேறு எதற்குப் பயப்படப் போகிறான் என்று, அவர் பழுதுபார்த்த லிஃப்டில் ஏறும்போது மட்டும் மனசுக்குள் கூடுதலாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வார்கள். இப்போது அதே வாயால் ஆகா என்றார்கள். சாவி அவருக்கு, ஜன்னல் மனைவிக்கு.

அதன்பிறகு அவருடைய அவநம்பிக்கையை அவர்கள் பாதுகாத்த அழகைச் சொல்லி மாளாது. மாதம் முதல் தேதி மூன்று கூட்டத்தின் செயலாளர்களும் வந்து உட்கார்ந்து, "இன்னும் ஒண்ணும் வரலியே?" என்று, காய்ச்சல்காரரை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள். அவர் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் அவர்களுக்கு மூச்சு வரும். ஒருமுறை ஸ்பானர் வழுக்கிக் கட்டைவிரலில் விழ, "அட கடவுளே" என்றுவிட்டார். அதற்கு அரைநாள் விசாரணை. "அம்மா" என்று கத்தலாம், அது எல்லாருக்கும் பொது என்று முடிவாயிற்று. மாலைக்கூட்டத்துப் புது நர்ஸ் ஒருத்தி ஆர்வக்கோளாறில் அவர் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்தபோது, அவளுடைய கூட்டத்துச் செயலாளரே அவளை ஓரமாக அழைத்துச் சொன்னாள்: "உலகத்துல யாரை வேணா நல்வழிப்படுத்து. அவரை மட்டும் விட்டுடு."

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, மனைவிக்கு இதய வால்வு கெட்டுப்போனது தெரியும்வரை.

ஆபரேஷன் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஸ்ட்ரெச்சர் லிஃப்டை அவர் முந்தின நாளே பிரித்துப் பூட்டி எண்ணெய் விட்டு, வெறும் ஸ்ட்ரெச்சரை ஏற்றி இறக்கி இருபது தடவை பார்த்தார். ஒரு குலுக்கல் இல்லாமல் அவள் ஐந்தாம் மாடிக்குப் போனாள். கதவு மூடும்போது, "தையல் மிஷினுக்கு உறை போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டேன் என்று பொய் சொன்னார். அதற்குமேல் அவர் செய்வதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இரண்டு லிஃப்டும் அன்றைக்கென்று ஒரு கோளாறும் இல்லாமல் ஓடித் தொலைத்தன.

பதினொன்றே முக்காலுக்குப் பிரார்த்தனை அறையைத் திறக்கப் போனார். திறந்தவர் காலியான அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாகிவிட்டது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் சாவியை வைத்து அழுத்திக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"யாரா இருந்தாலும் சரி. யாரும் இல்லேன்னாலும் சரி. அவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க."

திரும்பவும் ஒரு தடவை சொன்னார். நிமிர்ந்தால், வாசலில் பகல்காரர்களின் செயலாளரான மருந்துக்கடைக்காரர், ஆஸ்பத்திரியின் உள்ளேயே கடை வைத்திருப்பவர், பத்து நிமிஷம் முன்னதாக வந்து நின்றுகொண்டிருந்தார். பேயைப் பார்த்தவர் மாதிரி அவர் முகம் வெளுத்திருந்தது.

மூன்று மணிக்கு நிர்வாக அலுவலர் அறையில் அவசரக் கூட்டம். மனைவியை ஆபரேஷன் முடித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வால்வு வேலை செய்கிறது, மயக்கம் தெளிந்து கண் திறந்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் திறந்ததும் போன் பண்ணும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் சாவியை வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை.

"நான் பாத்ததைச் சொல்லாம இருக்க முடியல," என்றார் மருந்துக்கடைக்காரர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. "கை கூப்பி இருந்துச்சு. வாய் அசைஞ்சுச்சு."

"பிரார்த்தனை பண்ணீங்களா?" என்று கேட்டார் நிர்வாக அலுவலர்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜன்னல் தங்கிவிடும். லிஃப்ட்காரருக்கு அது தெரியும். ஆனால் மேலே அவள் கண் திறக்காமல் கிடக்கும்போது, அவளுக்காகக் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டேன்," என்றார்.

அறையில் எல்லாருக்கும் தலை கவிழ்ந்தது. அவர் மதம் மாறினால் யாருடைய மதத்துக்கு மாறினார் என்று ஒரு சண்டை, புதுச் சாவிக்காரரைத் தேட வேண்டும், திரும்பவும் மூன்று பூட்டு. காலைக்காரர்களின் செயலாளர், எக்ஸ்ரே பிரிவின் மூத்தவர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பழக்கத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்:

"எந்தத் திசையைப் பாத்துக் கேட்டீங்க?"

"தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கே, அந்தச் சுவரைப் பாத்து."

"அது வடக்கு." அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "வடக்கு எங்ககிட்ட செல்லாது."

மருந்துக்கடைக்காரருக்கும் பிடி கிடைத்துவிட்டது. "கை கழுவினீங்களா?"

"எங்க கழுவறது? கிரீஸோடதான் இருந்தேன். பூட்ஸும் கழட்டல."

"கிரீஸோடயா? அப்ப எங்ககிட்ட சுத்தமா செல்லாது."

மாலைக்காரர்களின் செயலாளர் சலவைப் பிரிவுக் கண்காணிப்பாளரம்மா. அவள் கடைசியாகக் கேட்டாள். "யார் பேரைச் சொல்லிக் கேட்டீங்க?"

"பேர் சொல்லல. யாரா இருந்தாலும் சரின்னு சொன்னேன். யாரும் இல்லேன்னாலும் சரின்னும் சொன்னேன்."

"விலாசம் எழுதாத கடுதாசி," என்றாள் அவள். "எங்க வழியிலயும் அது போய்ச் சேராது."

செல்லாது, செல்லாது, செல்லாது. அந்த மூன்று கூட்டத்தாரும் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரே கருத்துக்கு வந்திருந்தார்கள். சந்தோஷம் தாங்காமல் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். தேநீர் வந்தது. நிர்வாக அலுவலர் அங்கேயே ஒரு சான்றிதழ் அடித்தார்: 'லிஃப்ட் மெக்கானிக் இன்று பகல் பதினொன்று ஐம்பதுக்குச் சொன்னது பிரார்த்தனை ஆகாது. அது எவ்வகையிலும் செல்லாது, யாரையும் சென்றடையவில்லை என்று சம்பந்தப்பட்ட அனைவரும் உறுதி கூறுகிறோம்.' கீழே நாலு கையெழுத்துக்கு இடம். முதல் இடம் லிஃப்ட்காரருக்கு.

அவர் பேனாவை வாங்கினார். படித்தார். யாரையும் சென்றடையவில்லை என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து கோபமாகத்தான் வந்தது.

"கிரீஸ் இருந்தா என்ன சார்? இந்தக் கிரீஸ் கைதானே உங்க எல்லாரையும் தினமும் மேல ஏத்தி விடுது. அப்ப மட்டும் செல்லுதா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்," என்றார் எக்ஸ்ரேக்காரர். "நம்பிக்கை இல்லாத ஆளுக்கு இது வெறும் காகிதம். போட்டுட்டுப் போங்க. வீடு தங்கும்."

"நம்பிக்கை இல்லதான். ஆனா அவ இன்னும் கண்ணு தொறக்கல." லிஃப்ட்காரர் பேனாவைக் கீழே வைத்தார். காகிதத்தை அவர்கள் பக்கம் திருப்பித் தள்ளினார். "நீங்க மூணு பேரும் விஷயம் தெரிஞ்சவங்க. செல்லாதுன்னு உங்களுக்குச் சந்தேகமில்லாமத் தெரியுது. நீங்க முதல்ல போடுங்க. நீங்க போட்டா நானும் போடறேன்."

இதில் என்ன இருக்கிறது என்று எக்ஸ்ரேக்காரர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே வந்ததும் பேனா நின்றது. எழுதுமா என்று பார்ப்பதுபோல் உதறினார். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினார். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், திரும்பத் துடைத்தார். ஐந்தாம் மாடியில் ஒரு பெண் பிழைத்து வரட்டும் என்று யாரோ யாரிடமோ கேட்டதை, யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று தன் கையால் எழுதிக்கொடுப்பது அவருக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த ஆளுக்குப் பயமில்லை என்று நினைத்தோமே, இப்போது நமக்கல்லவா பேனா ஓடமாட்டேன் என்கிறது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

பேனா கண்காணிப்பாளரம்மாவிடம் வந்தது. அவள் அதை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "அந்தம்மா கண்ணு தொறக்கட்டும். அப்புறம் போட்டுக்கலாம்."

யாரும் மறுக்கவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியது. ஐந்து பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எக்ஸ்ரேக்காரரின் உதடு அசைந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எந்தத் திசை என்று யாரும் கேட்கவில்லை.

நாலே கால் மணிக்கு போன் அடித்தது. நிர்வாக அலுவலர் எடுத்தார். கேட்டார். "கண்ணு தொறந்துட்டாங்களாம். கையைப் பிடிச்சா அழுத்தறாங்களாம்."

லிஃப்ட்காரர் எழுந்து ஓடினார். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல், முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் படியேறிப் போக முடிவெடுத்துக் கதவுவரை போனவரை, கண்காணிப்பாளரம்மா கூப்பிட்டு நிறுத்தினாள். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அஞ்சு மணிக்கு எங்களுக்குத் தொறக்கணும். மறந்துடாதீங்க."

"அந்தக் கையெழுத்து?" என்றார் நிர்வாக அலுவலர். "இப்பதான் கண்ணு தொறந்தாச்சே."

"தையல் பிரிக்கட்டும்," என்றார் எக்ஸ்ரேக்காரர் அவசரமாக.

"வீட்டுக்குப் போகட்டும்," என்றார் மருந்துக்கடைக்காரர்.

மறுநாள் காலை குழாயை எடுத்திருந்தார்கள். மனைவிக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. நடந்ததையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். தைத்த இடம் வலிக்கும் என்று அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"யார்கிட்டக் கேட்டீங்க?"

"தெரியல."

"பதில் வந்துச்சா?"

"நீ கண்ணு தொறந்தியே."

"அது டாக்டர்."

"ஆமா, டாக்டர்தான்," என்றார் அவர். அதில் அவருக்குச் சந்தேகமில்லை.

"கேட்டதுதான் கேட்டீங்க, என் முழங்கால் வலியையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்ல."

"இன்னிக்கு வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். ஜன்னல் போயிடும்."

மணி பதினொன்றரை. பகல்காரர்களுக்குத் திறக்க வேண்டும். கீழே வந்தவர், பிரார்த்தனை அறைக்குப் பக்கத்துக் குழாயடியில் நின்றார். காலையில் மோட்டார் அறையில் வேலை பார்த்த கை. சோப்புப் போட்டுத் தேய்த்தார். கிரீஸ் போகவில்லை. இரண்டாம் தடவையும் சோப்புப் போட்டு, நக இடுக்குவரை தேய்த்துக் கழுவினார். தலை நிமிர்ந்தால் நாலடி தள்ளி மருந்துக்கடைக்காரர் நின்றிருந்தார், இன்றும் முன்னதாக வந்துவிட்டவர்.

மருந்துக்கடைக்காரர் மெதுவாக முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, அறிவிப்புப் பலகையைப் படிக்க ஆரம்பித்தார். பலகையில் அன்று ஒரு காகிதமும் ஒட்டியிருக்கவில்லை.