சொக்கோரோ வீட்டுப் பச்சைத் தொட்டிகள்

அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பியபோது மே மாதம் பிறந்திருந்தது. ஸ்பெயினின் கோர்டோபாவில் எங்கள் தெருவே முற்றக் கதவுகளைத் திறந்து வைத்து, வருஷா வருஷம் நடக்கும் பூமுற்றப் போட்டிக்குத் தயாராக இருந்தது. எங்கள் சுவரில் மட்டும் மேல்வரிசைத் தொட்டிகளில் ஜெரேனியம் பூச்செடிகள் கருகித் தொங்கின. தண்டுக்குள் புழு. நீண்ட கழியின் நுனியில் தகரக் குவளையைக் கட்டி நான் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் பலனில்லை.

அம்மா கிணற்றருகே நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"கதவச் சாத்திடு ரெமே. இந்த வருஷம் நாம இல்லன்னு சொல்லி அனுப்பிடு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா கதவைச் சாத்திய மே கிடையாது. இந்த மாதத்துக்காகத்தான் வலியையே தாங்குகிறேன் என்று நர்ஸிடம் சொன்னவள். 

பொதுச்சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு சொக்கோரோ. போட்டியில் எங்களுக்கு நேர் எதிரி.

"என்ன ஆராசெலி, சுவரு பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?"

"என் பூவத் தின்ன புழு உன் நாக்க மட்டும் விட்டு வெச்சிருக்கே!" என்றாள் அம்மா.

"கசக்கும்னு அதுக்குத் தெரியும். ஏய் பொண்ணே, மரம் மாதிரி நிக்காத, ஏணிய எடுத்துட்டு வா."

பூத்துக் குலுங்கிய தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவர் தாண்டி நீட்டினாள். வாங்கி எங்கள் சுவரின் இரும்பு வளையங்களில் மாட்டினேன். எங்கள் தொட்டிகள் நீலம், அவளுடையவை பச்சை. அதை யோசிக்க எங்கள் மூவருக்கும் நேரமில்லை.

மதியம் நடுவர்கள் வந்தார்கள். கண்ணாடி போட்ட பெண்மணி ஒருத்தி சுவரை உற்றுப் பார்த்தாள்.

"நீலத்துக்கு நடுவுல பச்ச! பக்கத்து வீட்டுல இப்பதான் பாத்துட்டு வர்றோம், சுவத்துல வெறும் இரும்பு வளையமாத் தொங்குது. இதெல்லாம் யாரோடது?"

என்னிடம்தான் கேட்டாள். அந்நியர் வந்தால் சமையலறைக்குள் ஒளிகிறவள் நான். வகுப்பில் பதில் சொல்லப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க செடி செத்துப்போச்சுங்க," என்றேன். "இது சொக்கோரோ அக்காவோடது. அவங்க குடுக்கலன்னா இந்தக் கதவு திறந்திருக்காது."

"அப்ப இதுக்கு மார்க் போட முடியாதேம்மா."

"எங்களுக்குப் போட வேணாங்க. அங்க காலியா இருக்குன்னு அவங்களுக்கும் கொறைக்காதீங்க. அவங்க பூவத்தான் இங்க பாத்துட்டீங்களே."

அவள் சிரித்தாள். மற்றவர்களை அழைத்துச் சுவரருகே நின்று நிதானமாகப் பார்த்தாள். பிறகு எல்லோருமாக மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

அதன்பின் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அம்மா ஒருவரையும் விடவில்லை. "மேல இருக்கற பச்சத் தொட்டி எல்லாம் பக்கத்து வீட்டு சொக்கோரோவோடது. நல்லாப் பாருங்க, நம்ம தெருவுலயே அதான் அழகு," என்று தொண்டை கிழியச் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது:

"கத்தாதடி ஆராசெலி, தையல் பிரிஞ்சிடப் போகுது!"