தாவூ தந்த மரியாதை

சிங்காத்தோகா ரக்பி மைதானத்தில் முதல் பாதி முடிவதற்குள் அப்பாகூக்கியின் இடது காது பாதி கிழிந்து தொங்கியது. தலையோடு சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே ஓடினான். ஃபிஜி அணியில் பல வருஷம் ஆடியவன், பிறகு பிரான்ஸ் கிளப் ஒன்றில் எலும்பை விற்றுப் பிழைத்தவன். உலகக் கோப்பையில் கடைசியாக ஒருமுறை அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட வேண்டும் என்றுதான் ஊர் அணிக்கு ஆட வந்திருந்தான்.

"உன் ஆட்டத்துல குறையே இல்ல. கைய மட்டும் நீட்டாத. இன்னொரு சிவப்பு அட்டை வாங்குனே, உன் கதை முடிஞ்சுது" என்று தேர்வாளர் சொல்லியிருந்தார். இப்போது மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரணியில் கலியோவா. இருவரின் ஊருக்கும் ஆதித் தெய்வம் ஒன்று. அதனால் பிறந்ததிலிருந்தே ஒருவருக்கொருவர் தாவூ. தாவூ எதைச் சொல்லியும் திட்டலாம். சிரித்துக்கொண்டே திருப்பித் திட்ட வேண்டும், கோபம் மட்டும் வரக்கூடாது. பிரான்சில் இருந்த காலத்தில் இதெல்லாம் மறந்துபோயிருக்கும் போல, அந்தக் கழுதைக்கு.

"டேய் பிரெஞ்சு ரொட்டி! இடிக்கிறியா, தடவுறியா?" என்றபடி கலியோவா தோளால் விலாவில் இடித்தான். அப்பாகூக்கிக்கு மூச்சு நின்று வந்தது. எழுந்து ஓடி, அவனைத் தூக்கித் தரையில் அடித்தான். கலியோவா பல்லிடுக்கில் ரத்தத்தோடு சிரித்தான்.

கடைசி நிமிஷங்களில் பந்துக்கு மேல் பத்துப் பேர் குவிந்து கிடந்தபோது, அடியிலிருந்து கலியோவாவின் குரல் வந்தது.

"உங்கப்பனுக்குக் குழி வெட்டுனது நாங்கடா. நீ வருவேன்னு பாத்துப் பாத்து, பொணமே அலுத்துப்போய் உள்ள இறங்கிடுச்சு!"

சாவுக்கு வராத மகனின் முஷ்டி கலியோவாவின் கண்ணில் இறங்கியது. இன்னொரு முறை. மூன்றாவது குத்தில் எலும்பு நொறுங்குவது அவன் விரலுக்கே தெரிந்தது. நடுவர் மறுபக்கம் நின்றிருந்தார். பந்து வெளியே உருண்டது. அப்பாகூக்கி அள்ளிக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஊர் ஜெயித்தது. கைதட்டியவர் தேர்வாளர் ஒருவர்தான்.

பயிற்சியாளர் வுனியானி அவனுக்குத் தாய்மாமன். பளாரென்று அறைந்தார்.

"நடுவர் பாக்கல மாமா."

"நம்ம ஊரே பாத்துச்சுடா. தாவூவ கோவத்துல அடிச்சிருக்கியே, நீ மனுஷனா?"

மறுநாள் வழக்கப்படி திமிங்கிலப் பல்லைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார்கள். லாரியின் ரேடியோவில் உலகக் கோப்பை அணியை அறிவித்தார்கள். அப்பாகூக்கியின் பெயரும் இருந்தது. மாமா ரேடியோவை அணைத்தார்.

கலியோவாவின் வீட்டு வாசலோரம் அப்பாகூக்கி பாயில் தலைகுனிந்து உட்கார்ந்தான். மாமா பல்லை நீட்டினார். அந்த ஊர்ப் பெரியவர் வாங்கிக்கொண்டு, மன்னித்தோம் என்றார். கலியோவா கட்டுப்போட்ட கண்ணோடு யங்கோனா வேர்ச்சாறு நிறைந்த சிரட்டையை எடுத்து வந்தான். இப்போது திட்டுவான் என்று அப்பாகூக்கி காத்திருந்தான். திட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

"குடிங்க" என்றான் கலியோவா. "டீம்ல எடுத்துட்டாங்களாமே. நல்லா ஆடுங்க."

அப்பாகூக்கி சிரட்டையை வாங்கவில்லை. "டேய், என்னடா இது? திட்டுடா. ஒரே ஒரு வார்த்தை திட்டுடா."

"அது தாவூக்குள்ள பேசிக்கிறதுங்க" என்றான் கலியோவா.