வாசிக்கப்படாத கேள்வி

நகர மண்டபத்தில் மாதம் ஒருமுறை மக்கள் கேள்விக் கூட்டம் நடக்கும். அன்று காலை வாசலில் இருக்கும் பெட்டியைத் திறந்து, கேள்விச் சீட்டுகளைப் பிரித்து அடுக்குவது எழுத்தரின் வேலை. தெருவிளக்கு, நூலக நேரம், பூங்கா பெஞ்சு எல்லாம் நகரமன்றத் தலைவரின் மேசைக்குப் போகும். சங்கடமானவை குப்பைக்கூடைக்குப் போகும். அது மண்டபச் செயலாளரின் வாய்மொழி உத்தரவு.

நான்கு மாதமாக ஒரே கேள்வி, ஒரே உருண்டைக் கையெழுத்தில், பெயரில்லாமல் வந்துகொண்டிருந்தது. மண்டப மாடியின் இரண்டாவது கதவை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள், தீப்பிடித்தால் எந்த வழியாக இறங்குவது என்று. அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் செயலாளரின் மைத்துனர் தன் கடைச் சரக்கை அடுக்கியிருந்தார். எழுத்தருக்கு அது தெரியும். ஒவ்வொரு முறையும் செயலாளரிடம் காட்டிவிட்டுக் கிழித்துப் போட்டார்.

“இதுக்குப் பின்னாடி யாரோ இருக்காங்க. யாருன்னு கண்டுபிடிங்க,” என்றார் செயலாளர்.

அன்றிலிருந்து எழுத்தருக்குக் கண்ணில் பட்டவர் எல்லார்மேலும் சந்தேகம். நூலகர் பேனாவைத் திறந்தால் எட்டிப் பார்த்தார். மருந்துக்கடையில் வேண்டுமென்றே ரசீது எழுதச் சொல்லி எழுத்தின் சுழியை ஆராய்ந்தார். காவலாளி சிரித்தால்கூட அதில் ஏதோ உள்குத்து இருப்பதாகப் பட்டது. வீட்டிலும் இதே புலம்பல். மண்டபத்து மாடியில் தையல் வகுப்பு நடத்தும் அவர் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி, கேட்டதில் என்ன தப்பு என்று மட்டும் கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் வாயை அடைத்தார்.

ஐந்தாவது மாதம் சீட்டு வரவில்லை. எழுத்தருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் கூட்டம் முடியும் நேரத்தில் பின்வரிசையில் அவர் மனைவி எழுந்தாள்.

“நாலு மாசமா என் மாணவி கையால எழுத வெச்சுப் பெட்டியில போட்டேன். பேரு போட்டா என் வீட்டுக்காரர் வேலைக்கு ஆபத்துன்னு பயம். ஒரு தடவைகூட வாசிக்கல. போன வாரம் இஸ்திரிப் பெட்டி வயர் கருகி மாடி முழுக்கப் புகை. இருபது பொண்ணுங்க ஒரே படியில முட்டி மோதி இறங்கினோம். அந்தக் கதவை எப்பத் திறப்பீங்க?”

அந்தப் புகையைப் பற்றி அவள் வீட்டில் சொல்லவில்லை. அவரும் சொல்ல விட்டதில்லை.

அப்படி ஒரு சீட்டே வந்ததில்லை என்று செயலாளர் கையை விரித்தார். வேண்டுமானால் எழுத்தரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

 மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுத்தர் எழுந்து நின்றார்.

“வந்துச்சு. செயலாளர் சொல்லி நான்தான் கிழிச்சேன். யார் கேட்டாங்கன்னு ஊரெல்லாம் தேடினேன். என்ன கேட்டாங்கன்னு ஒரு நாளும் யோசிக்கல.”

தலைவர் அங்கேயே சாவியை வாங்கினார். படிக்கட்டிலிருந்த சரக்கு மூட்டைகள் இறங்கி முடிய சாயங்காலமாயிற்று. செயலாளருக்கும் எழுத்தருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்றாம் நாள் அவர் பதில் எழுத உட்கார்ந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“கேள்வி கேக்கறவங்க மேல சந்தேகப்படாதீங்க. கேள்வியைக் கண்டு பயப்படறவங்க மேல சந்தேகப்படுங்க.”

“பயந்தவங்க வரிசையில நானும் இருந்தேனே,” என்று சொல்லிவிட்டு, அதையே கடிதத்தின் முதல் வரியாக எழுதினார்.