மீனுக்கு வந்த அம்மை

"அம்மனுக்கு மருந்து குடுப்பியாடி நீ? அம்மனுக்கு!"

"மீனுக்கு ஏது வள்ளியக்கா அம்மை? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். வாசல்ல வேப்பிலை கட்டியாச்சு. இனிமே ஒரு சொட்டு மருந்து இந்தப் படி ஏறக் கூடாது."

"வாசல்ல கட்டினா பரவால்ல அக்கா, தொட்டிக்குள்ளயும் இல்ல போட்டு வச்சிருக்க! மஞ்சத்தூள் வேற. மீன் வளக்குறியா, கொழம்பு வைக்குறியா?"

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். ஒக்கலிபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்பக்கம் உள்ள எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு நல்லிக் குழாய், ஒரு கிணறு. காலையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடம் நிறைந்த பிறகும் நகராமல் நின்றார்கள் என்றால் சண்டையின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

வள்ளியம்மா கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்க்கும் அய்யாவுவின் மனைவி. எதிரே நின்ற ஜோசஃபின் பக்கத்து வீடு. கண்டோன்மெண்டில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் பாட்டில் கழுவுகிற வேலை. பாட்டில் கழுவி எட்டு வருஷமானதால் எங்கள் வரிசைக்கு அவளே அரை டாக்டர். அன்று அவள் கையில் ஊதா நிறத்தில் ஒரு சீசா இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் பூச்சி வைத்தால் கரைத்து ஊற்றுவார்களே, அந்தக் காண்டீஸ் மருந்து.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் மஞ்சளாகக் கலங்கி, உள்ளே இரண்டு தங்க மீன்கள். உடம்பெல்லாம் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. அவை அந்த வீட்டுக்கு எப்படி வந்தன என்று சொன்னால்தான் வள்ளியம்மாவின் தொண்டை ஏன் அவ்வளவு கிழிந்தது என்று விளங்கும்.

அவள் மகள் காந்தாவுக்கு அடுகோடியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமாகியிருந்தது. பையன் அப்பாதுரை, ஒரு பட்டறையில் ஃபிட்டர். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் அத்தை சின்னத்தாயி. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். நிச்சயம் முடிந்ததும் பெண் வீட்டுக்கு ஓர் உயிரைக் கொண்டுவந்து விடுவார்கள், கன்றுக்குட்டியோ கோழியோ. தாலி கட்டும் நாள்வரை அது நன்றாக இருந்தால் பெண்ணுக்குக் கைராசி உண்டு. இல்லாவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் வரிசையில் கன்றைக் கட்ட இடம் ஏது? மனிதர்களே குறுக்காகத்தான் படுக்கிறோம். அப்பாதுரை கொஞ்சம் நாகரிகம் தெரிந்தவன். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் தொட்டியோடு ஒரு ஜோடி தங்க மீன் வாங்கி வந்துவிட்டான்.

கல்யாணம் ஆவணியில். மீனுக்குப் புள்ளி ஆனியில்.

சண்டை கோயில், மாதா என்று எட்டிப் போய்க்கொண்டிருந்தபோது காந்தா, "அம்மா" என்றாள். யாரும் கேட்கவில்லை. மறுபடி, "அம்மா, சின்னது சாஞ்சுடுச்சு" என்றாள்.

சின்ன மீன் வேப்பிலைக்கு நடுவில் பக்கவாட்டாக மிதந்துகொண்டிருந்தது. வள்ளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோசஃபின், பாவம், "நான் சொல்லல?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் மூடிக்கொண்டாள். அவள் அப்படி மூடியதை அன்றுதான் பார்த்தோம்.

காந்தா அழவில்லை. ஊதுவத்திக் கம்பெனியில் எடை போடுகிற பெண் அவள். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்தே முகம் அப்படி ஆகியிருந்தது. பெரிய மீனை இரண்டு கையாலும் அள்ளி, ஒரு மண்பானையில் நல்ல கிணற்றுத் தண்ணீரில் விட்டாள். பிறகு வீடு வீடாக வந்து காலி பாட்டில் கேட்டாள். ஊறுகாய் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் கிணற்றில் கொசுப்புழுவைத் தின்ன மலேரியாக்காரர்கள் விட்ட கொசு மீன்கள் நிறைய உண்டு. பழைய தாவணித் துணியால் அவற்றை வடித்து, பாட்டிலுக்கு ஒன்றாகப் போட்டாள். சந்துக்குப் போய் மீன் கடைக்காரனிடமும் கேட்டு வந்தாள். அவன், "உப்பு போடும்மா, இல்லாட்டி காண்டீஸ் போடு, அதுக்கும் கேக்கலைன்னா புதுசா ஒரு ஜோடி வாங்கிக்க, ஜல்தி வேலை முடியும்" என்றானாம். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவன் முகத்தில் வெளிச்சம் வந்ததாம்.

ஒரு பாட்டிலில் அம்மாவின் மஞ்சளும் வேப்பிலையும். ஒன்றில் ஜோசஃபினின் காண்டீஸ். ஒன்றில் உப்பு. ஒன்றில் வெறும் தண்ணீர். கழுத்தில் அடையாளத்துக்கு ஊதுவத்தி கட்டும் கலர் நூல். கம்பெனி விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவற்றின் முன்னால் குந்திக்கொள்வாள். கல்யாணப் பெண் குந்துகிற இடமா அது? நான் அரிசி புடைக்கிற இடத்திலிருந்து எல்லாம் நேராகத் தெரிந்ததால் சொல்கிறேன்.

அய்யாவு ஞாயிறுதோறும் பௌத்த சங்கத்துக்குப் போகிறவர். அம்மனிலும் நம்பிக்கை கிடையாது, மனைவியோடு வாதாடுவதிலும் நம்பிக்கை கிடையாது. அவர் மட்டும் ஒருநாள் கேட்டார். "ஏம்மா, ஒரு உயிரக் காப்பாத்த நாலு உயிர பாட்டில்ல போட்டிருக்கியே, இது என்னா ஞாயம்?"

காந்தா கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சமாத்தான் போடறேன் நைனா. மேல வந்து வாயத் தொறந்துச்சுன்னா உடனே நல்ல தண்ணிக்கு மாத்திடறேன்."

"மாத்தறதுக்குள்ள போயிட்டா?"

அன்றிலிருந்து அவள் பாட்டில்களை விட்டு எழுந்திருப்பது இன்னும் குறைந்தது.

மஞ்சள் தண்ணீரில் கொசு மீன் மேலே வந்து மூச்சு வாங்கியது, மாற்றினாள். காண்டீஸை ஜோசஃபின் சொன்ன அளவில் போட்டபோது அதுவும் அப்படியே. தண்ணீர் லேசான ரோஜா நிறத்துக்கு வரும்வரை குறைத்த பிறகு பிழைத்தது. "டாக்டர் மனுசனுக்குச் சொன்ன அளவு அது" என்று ஜோசஃபின் சமாளித்தாள். உப்புப் பாட்டிலில் மீன் ஒன்றும் நடக்காதது போலச் சுற்றியது. உப்பைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். ஒரு குடத்துக்கு இரண்டு கரண்டிவரை அதற்குக் கவலையே இல்லை.

இதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை சின்னத்தாயி அடுகோடியிலிருந்து வந்தாள். வாசலில் வேப்பிலையைப் பார்த்தாள். நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிட்டாள். அம்மை இறங்கிய வீட்டுக்குள் வெளியார் நுழையக் கூடாது; யாருக்கு என்று கேட்பதும் தப்பு. அவள் முறைப்படிதான் நடந்தாள். ஆனால் வேப்பிலை கட்டியது மீனுக்கு என்று எந்த மனுஷிக்குத் தோன்றும்? காந்தாவுக்குப் பெரியம்மை என்று அடுகோடி முழுக்கச் செய்தி போயிற்று. கண் போய்விட்டதாம், முகம் பூராவும் குழியாம். நான்கு நாளில் அந்தச் செய்தி எங்கள் நல்லிக்கே திரும்பி வந்தது, காந்தா அங்கே குடத்தோடு நின்றுகொண்டிருக்கும்போதே.

வள்ளியம்மா சுவரில் முட்டிக்கொண்டாள். "அந்த எலையக் கழட்டு அக்கா" என்றாள் ஜோசஃபின்.

"அம்மன் எறங்காம எப்பிடிடி கழட்டறது? தலைக்குத் தண்ணி ஊத்தணும் இல்ல?"

"மீனுக்கா? அது பொறந்ததுலேருந்து தண்ணிலதானே அக்கா கெடக்கு!"

வரிசையே சிரித்தது. வள்ளியம்மாகூடச் சிரித்துவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் அப்பாதுரையே வந்து நின்றான். அத்தையிடம் சொல்லாமல் வந்திருக்கிறான் என்பது அவன் பட்டறை உடுப்பிலேயே தெரிந்தது. வேப்பிலையைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். எங்களுக்கெல்லாம் அப்போதுதான் வள்ளியம்மா வீட்டுப் பக்கம் வேலை வந்தது.

காந்தா பாட்டிலை விட்டு நிமிர்ந்தாள். அவன் அவள் முகத்தை இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று தேடினான்.

"என்னாங்க பாக்குறீங்க?"

"இல்ல... ஒண்ணும் இல்லியே."

"எனக்கு இல்லீங்க. மீனுக்கு."

"என்னது மீனுக்கு?"

"அம்மை."

அவன் சிரித்த சிரிப்பில் கூரை ஓடு அதிர்ந்தது. "சிரிக்காதீங்க மாப்ளே, கண்ணு போயிடும்" என்று வள்ளியம்மா உள்ளிருந்து கத்தினாள்.

சிரித்தவன் பிறகு குந்தினான். ஒவ்வொரு பாட்டிலாகக் கேட்டான். மறுநாள் ஒரு பொட்டலத்தில் மயில்துத்தம் கொண்டுவந்தான். பட்டறையில் யாரோ, எந்தப் பூச்சியானாலும் இதற்குத் தாங்காது என்றார்களாம். காந்தா ஒரு துணுக்கைப் பாட்டிலில் போட்டாள். நீலம் அழகாக இறங்கியது. அவள் பானையில் தண்ணீர் மாற்றிவிட்டுத் திரும்புவதற்குள் கொசு மீன் செத்திருந்தது.

"பூச்சி தாங்காதுதான்" என்றாள் காந்தா. "மீனும் தாங்காது." செத்ததைக் கொட்டாமல் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பா கேட்ட கேள்வி அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்பாதுரை பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். மாப்பிள்ளை முறுக்கு எதுவும் காட்டவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம்.

பெரிய மீன் உப்புத் தண்ணீருக்குப் போயிற்று. மூன்று நாளில் புள்ளி எல்லாம் உதிர்ந்து பளபளவென்று ஆனது. வரிசை முழுக்கப் பாராட்டு. அடுத்த மூன்று நாளில் புள்ளி ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வரிசை முழுக்க, "அப்பவே சொன்னோமே."

காந்தா அதையும் பார்த்தாள். புள்ளி உதிர்ந்த நாளில் பானையின் அடியில் மாவு போல ஏதோ படிந்திருந்ததாம். "போகலை. கீழ எறங்கி, அங்க பெருகி, மறுபடி ஏறுது. மீனுக்கு மருந்து போட்டாப் போதாது, வீட்டையும் மாத்தணும்" என்றாள். அவள் சொன்னது சரியோ தப்போ, இன்னொரு பானை வாங்கினாள். தினமும் காலையில் மீன் ஒரு பானையிலிருந்து அடுத்ததற்குக் குடிபோகும், அதே உப்பு அளவோடு. காலியான பானையில் கொதிநீர் ஊற்றி வெயிலில் கவிழ்ப்பாள். ஆனி மழையில் வெயிலுக்குக் காத்திருந்து அந்தப் பானைகளை அவள் இடம் மாற்றிய அழகைப் பார்த்தால், பெற்ற பிள்ளைக்குத் துணி காயப்போடுவதாகத்தான் தோன்றும்.

ஆடி பிறந்தபோது மீன் சுத்தமாக இருந்தது.

ஆனால் ஒரு மீன்தான் இருந்தது. அப்பாதுரை அதற்கும் வழி வைத்திருந்தான். "சந்துல அதே சைசுல ஒண்ணு இருக்கு. வாங்கியாந்து விட்டுடறேன். அத்தைக்கு என்னா தெரியும்?"

வள்ளியம்மா அவனைக் குலதெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். காந்தா, "வேணாங்க" என்றாள்.

"ஏன்?"

"செத்தத செத்ததுன்னு சொல்ல முடியலன்னா, இத்தினி நாளு நான் எதுக்கு உக்காந்து பாத்தேன்? அவங்க கேட்டா சொல்லிடுவேன்."

"கல்யாணம் நின்னுடும்டி!" என்றாள் வள்ளியம்மா.

"நிக்கும்" என்றாள் காந்தா. சொல்லும்போது அவனைத்தான் பார்த்தாள். நிற்கக் கூடாது என்று அந்தப் பார்வையில் இருந்தது. அதற்காகவும் அவள் வார்த்தையை மாற்றவில்லை.

சின்னத்தாயி வந்தாள். வேப்பிலை போயிருந்தது, கடைசியில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைப் பானையின் வெளிப்பக்கம் ஊற்றி வள்ளியம்மா அம்மனை இறக்கியிருந்தாள். சின்னத்தாயி காந்தாவின் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பானைக்குள் பார்த்தாள்.

"ரெண்டு இல்ல குடுத்தோம்?"

"ஒண்ணு செத்துப்போச்சுங்க அத்தை. அம்மைன்னு நெனச்சு மஞ்சளும் வேப்பிலையும் போட்டோம், அது தாங்கல. இத உப்புல வச்சோம், பொழச்சுது."

வள்ளியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாதுரை வாசல் பக்கம் திரும்பினான். அங்கே நாங்கள் நின்றதால் மறுபடி உள்பக்கம் திரும்பினான்.

சின்னத்தாயி பானைப் பக்கம் குந்தி மீனை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "எங்கூட்டுக் கோழிங்களுக்குப் பேன் புடிச்சிருக்கு. அதுக்கும் உப்புத் தண்ணிதானா?" என்றாள்.

பெண்ணுக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் ஆமாம் என்று தலையாட்டியிருக்கும். நாங்கள் வெளியிலிருந்து ஆட்டியே காட்டினோம்.

"தெரியாதுங்க அத்தை" என்றாள் காந்தா. "கோழிய நான் பாத்ததில்ல. ஒரு கோழிக்கு மட்டும் போட்டுப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

"தெரியாதா?"

"தெரியாதுங்க."

சின்னத்தாயி மகனாக வளர்த்தவனைப் பார்த்தாள். "கேட்டியாடா? நம்ம வீட்ல இந்த வார்த்தைய ஒருத்தராவது சொல்லியிருக்கோமா? எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நான் சாம்பல்னேன், உன் சித்தப்பன் மண்ணெண்ணெய்னான். போன வருஷம் ஒரு கூடை கோழி போச்சு." பிறகு வள்ளியம்மாவிடம், "கண்ணத் தொறங்க சம்மந்தி. ஒண்ணு செத்து ஒண்ணு பொழச்சா கைராசி உண்டா இல்லியான்னு எங்க பெரியவங்க சொல்லி வைக்கல. எனக்கும் தெரியாதுன்னே வச்சுக்கலாம். ஆவணி நாலாந்தேதி நல்ல நாளு" என்றாள்.

ஆவணி நாலாம் தேதியே கல்யாணம் நடந்தது. சாப்பாட்டில் ரசத்துக்கு உப்புக் குறைவு. காந்தா அடுகோடிக்குப் போனாள். அறுபத்திரண்டில் அப்பாதுரைக்குப் பத்ராவதி இரும்பு ஆலையில் வேலை கிடைத்து, அத்தையோடு மூன்று பேரும் அங்கே போய்விட்டார்கள். ஜோசஃபின் அதற்கு முன்பே ஓஸ்வால்ட் என்கிற ரயில்வே கார்டைக் கட்டிக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போயிருந்தாள். ஸ்டேஷனில் ரொம்ப அழுதது வள்ளியம்மாதான். ஜோசஃபின் இருந்த வீட்டுக்கு இப்போது ஒரு மங்களூர்க் குடும்பம் வந்திருக்கிறது. நல்ல மாதிரி என்கிறார்கள். எப்போதும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள்.