ராக்கெட் பார்க்கும் இடம்

வீரையனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே கண்ணுசாமி ராக்கெட் பேச்சை எடுத்தார்.

"இன்னைக்கு சாயந்தரம் அஞ்சு அம்பதுக்கு விடறாங்க அண்ணி. அண்ணன் பாருங்க, நாள் பார்த்துப் போயிருக்காரு."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பிரகதாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுசாமி அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனிதரைக் கட்டிலில் கிடத்தியதிலிருந்து பந்தல் போட ஆள் சொன்னது வரை எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்.

"அஞ்சு மணிக்கு எடுத்துடுவோம். அஞ்சே முக்காலுக்கு மதகுக் கரை. அண்ணன் போட்ட பெஞ்சு மேலயே பாடைய இறக்கி வெச்சு, கடைசி ராக்கெட்டைக் காட்டிட்டுத்தான் கொண்டு போறோம். பத்திரிகைக்காரருக்கும் சொல்லியாச்சு."

சுற்றி நின்ற ஆண்களுக்குக் கண் கலங்கியது. பிரகதாம்பாளுக்கு வயிறு எரிந்தது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தவள் அவள். கஜா புயல் வடக்குப் பக்கத்துப் பனைவரிசையைச் சாய்த்துப் போட்ட மறு வருஷம், மதகுக் கரையில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது, மரங்கள் விழுந்த சந்தில் ஒரு தீக்கோடு மேலே ஏறுவதைப் பார்த்தாள். ஓடிவந்து சொன்னாள். வீரையன் டீக்கடை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அதோடு விட்டாரா? வேதாரண்யத்தில் நடந்த கண் முகாமுக்கு அழைத்துப்போய், அத்தனை பேர் வரிசையில் நிற்க, "இவளுக்கு வானத்துல தீ தெரியுதாம் டாக்டர்" என்றார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அதற்கும் வீரையன் சிரித்தார்.

பிறகு ஒருநாள் டிவியில் ராக்கெட் கிளம்பியதைக் காட்டினார்கள். அதே தீக்கோடு. வீரையன் பாதியில் எழுந்து போனார். அடுத்த ராக்கெட்டுக்கு மதகுக் கரையில் அவர் நின்றார். அதற்கடுத்ததற்கு முப்பது பேர் நின்றார்கள். அப்புறம் திருத்துறைப்பூண்டியிலிருந்து கார் வந்தது. வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள்கூட வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். கரையில் சிமெண்டு பெஞ்சு போட்டு, அதன் முதுகில் "ராக்கெட் பார்க்கும் இடம். கண்டறிந்தவர், உபயம்: வீரையன்" என்று எழுதிவைத்தார். ஊரில் ராக்கெட் வீரையன் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் என்ன செய்தாள்? வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி போட்டாள், சுண்டல் தாளித்தாள். ஒருமுறை தூக்குவாளியோடு அவளே கரைக்குக் கிளம்பினாள். "எல்லாரும் கெளம்பிட்டா வீட்டுக்கு ஆள் வேணாமா?" என்று பாதி வழியில் வாளியை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார். அடுப்படிக்கு ஒவ்வொரு தடவையும் கரையிலிருந்து "ஓ"வென்று சத்தம் மட்டும் வரும். அவர் திரும்பி வந்ததும் கேட்பாள்.

"எப்படி இருந்துச்சு?"

"ஒனக்குச் சொன்னா புரியாது."

பதினோரு ராக்கெட். பதினோரு தடவையும் இதே பதில்தான்.

இப்போது பன்னிரண்டாவதைப் பிணமாகப் போய்ப் பார்க்கப் போகிறாராம். அவள் மட்டும் மற்றப் பெண்களோடு தெருமுனையில் நின்று மாரில் அடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். செத்தவரைப் பழிவாங்க என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் நினைக்கலாம். பிரகதாம்பாளுக்கு ஒன்று இருந்தது. இந்த ராக்கெட்டை அவருக்குக் காட்டக் கூடாது. தான் பார்த்துவிட வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குத் திருப்பனந்தாளிலிருந்து அவள் அண்ணன் போன் செய்தார். கிளம்பிவிட்டதாகவும் நாலு மணிக்குள் வந்துவிடுவதாகவும் சொன்னார். அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

"அவசரமே இல்லண்ணே. நாலு வாய் சாப்பிடு. கோடித்துணிய நல்ல கடையாப் பார்த்து எடு. ஆறரைக்கு வந்தாப் போதும்."

"ஆறரையா? பொழுது போயிடுமேம்மா."

"நான் சொல்றேன்ல."

நாலரைக்கு கண்ணுசாமி பரபரத்தார். பாடை தயாராகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து மகன் இளஞ்செழியன் மதியமே வந்து இறங்கியிருந்தான்.

"இனிமே யாருக்காகக் காத்திருக்கணும்? குளிப்பாட்டிடுவோமா அண்ணி?"

"எங்க அண்ணன் வரணும். பொறந்த வீட்டுக் கோடி போடாம எடுத்துடுவீங்களா?"

பெண்டாட்டியின் பிறந்த வீட்டுத் துணி மேலே விழாமல் அந்த ஊரில் எந்தப் பிணமும் வாசலைத் தாண்டியதில்லை. இளஞ்செழியன் மாமாவுக்குப் போன் போட்டான்.

"திருவாரூர்லயே இப்பத்தான் கடைக்குள்ள நுழைஞ்சிருக்காராம்மா."

"அவரு எப்பவும் நிதானந்தான்" என்றாள்.

கண்ணுசாமி கைக்கடிகாரத்தையும் வடக்கு வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்தரைக்கு, போனால் போகிறதென்று, நீர்மாலைக்காவது போய்வரட்டும் என்றார். குளிப்பாட்டுவதற்கு மதகிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். பங்காளி வீட்டுப் பெண்கள் குடத்தோடு தப்பு மேளத்துக்குப் பின்னால் போவார்கள். பெண்டாட்டி போவது வழக்கமில்லை.

பிரகதாம்பாள் எழுந்து, மருமகள் ஷோபனாவின் இடுப்பிலிருந்த பித்தளைக் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க எதுக்கு?"

"நாப்பது வருஷம் அவரு குளிக்க நான்தானே தண்ணி எடுத்து வெச்சேன். கடைசித் தண்ணிய வேற யாரு எடுப்பா?"

ஒரு கிழவர் தலையை ஆட்டி, விடுங்கப்பா என்றார். கண்ணுசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். இன்னும் நாலைந்து ஆண்களும் செருப்பைத் தேடினார்கள்.

"நாங்களும் தொணைக்கு வரோம்."

பிரகதாம்பாள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"எல்லாரும் கெளம்பிட்டா வீட்டுக்கு ஆள் வேணாமா? அவரத் தனியா விட்டுட்டா வருவீங்க?"

கண்ணுசாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கரையில் அறுவடை முடிந்த வயல்களின் வைக்கோல் வாடை அடித்தது. பெண்கள் மதகுப் படியில் இறங்கி முழுகினார்கள். பிரகதாம்பாள் குடத்தை நிறைத்து மேலே கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். பிறகு ஈரப் புடவையோடு தானும் பெஞ்சில் உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டாள். அவர் பெயர் அவள் முதுகுக்குப் பின்னால் நனைந்தது.

"அத்தை, போகலாமா?" என்றாள் ஷோபனா.

"இரு."

தப்படிக்கிறவர்தான் முதலில் பார்த்தார். சட்டென்று அடிப்பதை நிறுத்தினார். பனைகள் விழுந்த சந்தில் ஒரு வெளிச்சப் புள்ளி கிளம்பியது. மேலே ஏறி, கிழக்கே கடல் பக்கம் சாய்ந்தது. பின்னால் வெள்ளையாக ஒரு நூல் நீண்டது. சாய்ந்த வெயில் பட்டு அந்த நூல் மெல்லச் சிவந்தது. நீர்மாலைக்கு வந்தோம் என்பதை மறந்து பெண்கள் அத்தனை பேரும் "ஓ"வென்று கத்தினார்கள்.

ஷோபனா முழுகுமுன் பெஞ்சு ஓரத்தில் வைத்திருந்த போனை எடுத்தாள். "வீட்டுல இருக்கற அவருக்கும் கண்ணுசாமி மாமாவுக்கும் காட்டலாம் அத்தை."

"கீழ வை. யாருக்கும் காட்ட வேணாம்."

ஒன்றரை நிமிஷம் இருக்கும். புள்ளி மறைந்துவிட்டது. பிரகதாம்பாள் கலையும் புகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊசி நூலை இழுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். இதிலே புரியாததற்கு என்ன இருக்கிறது? பதினோரு தடவை கேட்டாளே, ஒரு தடவை, தெருநாய்க்குச் சோறு போடுகிற மாதிரியாவது, அந்த ஒரு வார்த்தையைப் போட்டிருக்கக் கூடாதா? பார்த்த பிறகு ஆறும் என்று நினைத்திருந்தாள். பார்த்த பிறகுதான் கோபம் கூடியது.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

கண்ணுசாமி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சத்தம் கேட்டுச்சே அண்ணி. தெரிஞ்சுதா? எப்படி இருந்துச்சு?"

அவள் அவரைத் தாண்டிப் போனாள்.

வீரையனை வாசலில் ஒரு பலகையில் உட்கார வைத்து, இளஞ்செழியன் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருந்தான். வாய்க்கட்டோடு அவர் முகம் எதையோ கேட்க வந்து நிறுத்தினாற்போல இருந்தது. பிரகதாம்பாள் குடத்தைத் தோளுக்கு உயர்த்தினாள். பிறகு இறக்கி, குனிந்து அவர் காதருகே போனாள். கடைசியாக ஏதோ சொல்லி அழப்போகிறாள் என்று கூட்டம் நெருங்கி வந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சொன்னா ஒங்களுக்குப் புரியாது" என்றாள்.

தலையில் தண்ணீரை ஊற்றினாள். அது நெற்றியில் இறங்கி, மூடிய இமைகள் மேல் வழிந்து, வாய்க்கட்டை நனைத்தது.

"போதும் அண்ணி, மத்தவங்களும் ஊத்தணும்" என்றார் கண்ணுசாமி.

அவள் குடம் காலியாகும் வரை நிறுத்தவில்லை.