நாலாவது பாட்டில் அழுகிற பெண்

நல்ல அல்பம் என்றால் கேட்கிறவனை ஒருமுறையாவது அடிக்கவேண்டும். இது என் கட்சி. மெற்றலோ றொக்கோ பொப்போ, சும்மா தடவிக்கொடுக்கிற பாட்டுகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் ஒரு பொப் அல்பத்தை எல்லாரும் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். நான் முகநூலில் ஒரு வரி எழுதினேன்: “பதினொரு பாட்டு, பதினொன்றும் பல்லில்லாத நாய்.” அறுபது பேர் வந்து திட்டினார்கள். ஒரு எழுத்தை மாற்றினேனா? மாட்டேன். எழுதினதை ஒருநாளும் நான் திருப்பி எடுத்ததில்லை.

என் பெயர் கிரிஷான். ஊர் பாஷையூர். இப்போது வெளிநாட்டில், மங்கரே என்கிற இடத்தில், விமானத்துக்குப் போகிற சரக்குக் கொட்டிலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அல்பங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிற விசர் எனக்கு எப்படி வந்தது என்று தெரியாது. லண்டனிலும் ரொறன்ரோவிலுமாக எண்ணூறு பேர் வாசிக்கிறார்கள். பாதிப்பேர் என்னைத் திட்டுவதற்காகவே வாசிக்கிறார்கள், அதுவும் எனக்குச் சந்தோஷம்தான்.

நிரூஜன் மன்னார்ப் பெடியன், இங்கே பக்கத்துப் பென்ரோஸில் பெயின்ற் தொழிற்சாலையில் வேலை. ஒன்பது வருஷமாக எனக்கு இருக்கிற ஒரே கூட்டாளி. சனிக்கிழமைகளில் என் கராஜில் இருந்து ஒரு அல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்போம். எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்டு முடியும் வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. யார் பாடியது, என்ன கஷ்டத்தில் பாடியது என்று முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. கஷ்டத்தைச் சொன்னால் காது இளகிவிடும். சட்டத்தைப் போட்டது நான்தான்.

அந்த நிரூஜன் தன்னோடு வேலை செய்கிற மூன்று பேரைச் சேர்த்து, நாலு வருஷம் பாடுபட்டு, ‘கறள்’ என்று, இரும்பில் பிடிக்கிற துருவின் பெயரில், ஒரு மெற்றல் அல்பம் போட்டான். கிற்றார் அவன்தான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு அனுப்பிவிட்டு ஃபோன் எடுத்தான்.

“மச்சான், வழமை மாதிரிக் கேள், வழமை மாதிரி எழுது. நான் எண்டதுக்காக ஒண்டையும் குறைச்சுப்போடாதே.”

“நீ சொல்லாட்டிலும் குறைக்கமாட்டன்” என்றேன்.

அன்று பின்னேரமே எழுதிப் போட்டுவிட்டேன். முதல் பாட்டு கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. இரண்டாவதில் கிற்றார் எலும்பை அரிகிறது. மூன்றாவதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போய்ச் சுவரில் குத்தினேன், இதைவிட எப்படிப் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவும் மனம் நிறைந்து எழுதினேன். பிறகு நாலாவது பாட்டுக்கு வந்தேன். அதில் இரைச்சலுக்குள்ளே ஒரு பெண் ஒப்பாரி வைக்கிறாள். “கடலுக்குத் தப்பின மனுசன் கட்டிலில போயிட்டியே” என்று அழுகிறாள். அதைப் பற்றி நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

“இந்த அழுகை கள்ளம். பாதியில் நிற்பாட்டித் தொண்டையைச் செருமுகிறாள். மூச்சை எடுத்துக்கொண்டு அதே வரியை முதலிலிருந்து தொடங்குகிறாள். செத்தவீட்டில் எவள் இரண்டாந்தரம் தொடங்குவாள்? தொண்டையால் அழுகிறாள், வயிற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. யாரோ நடிகையைக் கூப்பிட்டு அழவைத்திருக்கிறார்கள். இந்தப் பாட்டை வெட்டி எறிந்தால் அல்பம் தப்பும். பத்துக்கு ஆறு.”

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிரூஜன் வந்தான். காரை ஒழுங்காக நிறுத்தவும் இல்லை. கராஜுக்குள் வந்தவன் ஒரு கதையும் இல்லாமல் என் இடது பக்கத்து ஸ்பீக்கரைத் தூக்கிச் சீமெந்தில் அடித்தான். நான் “டேய்” என்று எழும்புவதற்குள் முகத்தில் குத்து விழுந்தது. புருவம் கிழிந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. நானும் சும்மா நிற்கிற ஆள் இல்லை. அவன் வயிற்றில் முழங்காலால் கொடுத்தேன். இரண்டு பேரும் கீழே விழுந்து உருண்டோம். அவன் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“அது என்ர அம்மாடா நாயே. அது அப்பான்ர செத்தவீடு.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் தகப்பன் மன்னாரில் செத்தபோது இவனுக்கு வீசா முடிவு வரவில்லை. போனால் திரும்பி வர வழியில்லை. செத்தவீட்டை நேரலையில்தான் பார்த்தான், அதுவும் தனியே. எனக்கு அன்று வேலை. லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள், நான் கேட்கவில்லை.

“அப்பான்ர முகத்தைக்கூட நான் வடிவாக் காணேல்ல. படம் விட்டுவிட்டு வந்தது. எனக்கெண்டு மிஞ்சினது அம்மா அழுத அந்த ரெண்டு நிமிசம் மட்டும்தான். அதைப் போய் நடிப்பெண்டு எழுதிறியோ?”

அந்த இடத்தில் நான் வாயைப் பொத்தியிருக்கவேண்டும். மனுஷனாய்ப் பிறந்தவன் பொத்தியிருப்பான். எனக்குக் கண்ணெல்லாம் இரத்தம், ஸ்பீக்கர் உடைந்த ஆத்திரம் வேறு.

“ஆற்ற அம்மாவெண்டாலும் நடிப்பு நடிப்புத்தான்” என்றேன்.

அவன் என்னை விட்டுவிட்டு எழும்பினான். காரைத் திறந்து சில்லுக் கழற்றுகிற இரும்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். கொல்லத்தான் வருகிறான் என்று அவன் நடையில் தெரிந்தது. நான் பாய்ந்துபோய்க் கராஜ் கதவைக் கீழே இழுத்தேன். கதவு முழங்கால் உயரத்துக்கு வந்தபோது அவன் இடது கையைக் கீழே கொடுத்துத் தூக்கப் பார்த்தான். கிற்றாரின் கம்பிகளை அமத்துகிற கை. விரல்கள் உள்ளே இருந்ததை நான் கண்டேன். கண்டுதான் முழுப்பாரத்தையும் போட்டு இழுத்தேன். இதைப் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொல்லவில்லை.

அவன் போட்ட சத்தம் எந்த அல்பத்திலும் இல்லாத சத்தம்.

கதவைத் தூக்கினேன். இரண்டு விரல்கள் தட்டையாகிக் கிடந்தன. துவாயால் சுற்றி அவனைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டுபோனேன். என்ன நடந்தது என்று தாதி கேட்டபோது “கதவு” என்று மட்டும் சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை. அவனை எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுடைய ஜக்கெற் என் மடியில் கிடந்தது. அதற்குள் ஃபோன் அடித்தது. ‘அம்மா’ என்றிருந்தது. மன்னாரில் இன்னும் விடிந்திருக்காது, விட்டால் மனுஷி பயப்படும் என்று எடுத்தேன்.

“அன்ரி, நான் கிரிஷான். நிரூஜன் கையைக் கொஞ்சம் வெட்டிப்போட்டான், மருந்து கட்டுகினம். பயப்பிடாதேங்கோ.”

“நீங்கள்தானே தம்பி அந்தப் பாட்டுகளைப் பற்றி எழுதிறனீங்கள்? பக்கத்து வீட்டுச் சோபனா வாசிச்சுக் காட்டினவள்.”

“ஓம் அன்ரி” என்றேன். திட்டட்டும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

“நிரூஜன் அதை வாசிச்சிட்டானோ?”

“வாசிச்சிட்டான்.”

பிறகு மனுஷி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“நீங்கள் எழுதினது உண்மை தம்பி. பெட்டி மூடேக்க நான் அழுத அழுகை அவனுக்குப் போகேல்ல. நெற் விழுந்திட்டுதாம். வீடியோக்காரர் வந்து, அம்மா, மகன் பாக்கேல்லையாம், திரும்ப ஒருக்கா அழுங்கோ எண்டார். எனக்கு அதுக்குப் பிறகு கண்ணில தண்ணி வரேல்ல. மகன் அங்க தனியப் பாத்துக்கொண்டு இருக்கிறானே எண்டு தொண்டையால அழுதன். நீங்கள் அதைக் கண்டுபிடிச்சிட்டீங்கள்.”

அவன் வருகிறானா என்று எக்ஸ்ரே அறைப் பக்கம் எட்டிப்பார்த்தேன்.

“அவனுக்கு இது தெரியாது தம்பி. அது பொய்யெண்டால் அவனுக்குத் தகப்பன்ர செத்தவீடே இல்லாமல் போயிடும். நீங்கள்தான் ஏதாவது சொல்லவேணும்.”

என் காது சரி. எண்ணூறு பேருக்கு நான் எழுதினது சரி என்று செத்தவனின் பெண்சாதியே சொல்லிவிட்டாள். இதைவிடப் பெரிய வெற்றி ஒரு விமர்சகனுக்கு உண்டா? அந்த இடத்திலேயே இரண்டு காதையும் அறுத்துப் போடலாம் போல இருந்தது.

மத்தியானம் அவனை விட்டார்கள். திங்கட்கிழமை சத்திரசிகிச்சையாம், பழையபடி வாசிக்கலாமா என்று இப்போது சொல்லமுடியாதாம். கார் நிறுத்துகிற இடத்தில் அவன் என் காரில் ஏறாமல் நின்றான்.

“நிரூஜன், நான் எழுதினது பிழை. அது உண்மையான அழுகை.”

“நீ ஒருநாளும் மாத்திச் சொல்லமாட்டாய்” என்றான். “அம்மா எடுத்தவவோ? கெஞ்சினவவோ?”

“எடுத்தவ. கை எப்பிடியெண்டு மட்டும்தான் கேட்டவ. நான் உள்ளுக்க இருந்து பாட்டைத் திரும்பக் கேட்டனான். ஆறு தரம் கேட்டனான்.” ஒருதரமும் கேட்கவில்லை. “செருமிறா எண்டு எழுதினனே, அது செருமல் இல்லையடா. மூச்சு அறுந்துபோய்த் தொண்டைக்குள்ள நிக்கிற சத்தம். நடிக்கிறவளுக்கு அந்த இடத்தில குரல் உடையாது, அவள் உடைக்கப் பாப்பாள். அம்மா உடையக்கூடாதெண்டு பிடிச்சுக்கொண்டு திரும்பத் தொடங்கிறா. ரெண்டாந்தரம் தொடங்கேக்க குரல் அரைச் சுருதி கீழ போகுது. அதை ஒருத்தராலும் நடிக்கேலாது.”

எழுதத் தொடங்கிய இந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு பாட்டைப் பற்றி நான் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என் கண்ணில் எதையோ தேடினான். நான் கண்ணை இறக்கவில்லை.

“உண்மையாத்தானே சொல்லுறாய்?”

“ஓம். எனக்குக் காது கேக்கேல்ல மச்சான். நான் ஒரு மாடு. இண்டைக்கே மாத்தி எழுதிறன்.”

அவன் நம்பிவிட்டான். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் வாயில் ஓங்கிக் குத்தினான். நான் கார்க் கதவில் மோதி நிலத்தில் இருந்தேன். ஒரு பல் ஆடியது. எழும்பி அவனுக்கு முன்னால் போய் நின்றேன். கை இரண்டையும் கீழே விட்டேன்.

“இன்னும் அடி” என்றேன்.

அடித்தான்.